தேசிக்காய்க்கு நின்ற கார்

எங்கள் வீட்டு வாசலுக்குச் சாரதி இல்லாத கார் முதன்முதலாக வந்த காலையில் அதை நகரவிடாமல் செய்தவன் நான்தான். ஏன் செய்தாய் என்று மேலதிகாரி கேட்டார், கூட வேலை செய்கிறவன் கேட்டான், மனைவி கேட்டாள். ஆளுக்கொரு பதில் சொன்னேன். சொல்லும்போது ஒவ்வொன்றும் உண்மை போலத்தான் இருந்தது.

நான் பஸ் சாரதி. பிராங்பேர்ட்டுக்கு வெளியே, எஸ்-பான் ரயில் வந்து திரும்பிப் போகிற ஒரு சிறு நகரத்தில் பத்தொன்பது வருடமாக ஒரே தடத்தில் ஓட்டுகிறேன். மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தில் தொடங்கி, எங்கள் தெரு வழியாக இறங்கி, ரயில் நிலையத்தில் முடிகிற தடம். அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில்தான் என் மனைவிக்கு வேலை. காலை ஆறு மணிக்கு அவள் அடுப்பை மூட்டினால்தான் எழுபது கிழவர் கிழவிகளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போகும்.

முன்பெல்லாம் அவளே காரை எடுத்துக்கொண்டு போவாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்பதை இப்போதாவது எழுதி வைக்கிறேன். போன வருடம் கண் வைத்தியர் ஒரு கருவிக்குள் அவளுடைய தலையை வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இடப்பக்கப் பார்வையைத் தின்றுவிட்டது என்றார். நேரே பார்த்தால் தெரியும். இடப்பக்கத்தில் யானை வந்து நின்றாலும் தெரியாது. இனி ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் வீட்டுக்கு வந்து கார்ச் சாவியைக் கொழுக்கியில் மாட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு எப்படி வேலைக்குப் போவது என்பதே எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. மேலே போகிற முதல் பஸ் ஆறு இருபதுக்குத்தான் போய்ச் சேரும். எனக்கு அனேகமான கிழமைகளில் விடியற்காலை வேலை. நாலரைக்கு டிப்போவில் நிற்க வேண்டும். டிப்போ பக்கத்து ஊரில் இருக்கிறது. அங்கிருந்து வெறும் பஸ்ஸை மறுபக்கமாக மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து முதல் ஓட்டத்தைத் தொடங்குவேன். அதாவது, ஒவ்வொரு நாளும் அவளுடைய வேலையிடத்துக்கு வெறும் பஸ்ஸோடு போகிறவன் நான். வெறும் ஓட்டத்தில் ஆள் ஏற்றக்கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம், அவளை ஏற்றத்தான் வழியில்லை. நாலு மணிக்கே காரில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தேன். பூட்டிய கதவடியில் மாசிமாதக் குளிரில் ஒரு கிழமை முழுக்க நின்றாள், நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கூட வேலை செய்த ஒரு பெண் சில மாதம் ஏற்றிக்கொண்டு போனாள். பிறகு அவளும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். சமையலறைப் பொறுப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆறு மணிக்கு வர முடியாவிட்டால் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், சமையலறையில் வேறு வேலை இல்லை.

ஐம்பத்தாறு வயதில், ஒரு பக்கப் பார்வையோடு, அவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

இந்த நேரத்தில்தான் எங்கள் நகரத்தில் சாரதி இல்லாத கார்களைச் சோதனைக்கு விட்டார்கள். விட்டது வேறு யாருமில்லை, எனக்குச் சம்பளம் தருகிற அதே பஸ் நிறுவனம். ஆறு பேர் இருக்கக்கூடிய வெள்ளைக் கார்கள். தொலைபேசியில் அழைத்தால் வாசலுக்கு வரும். முதல் சில மாதம் முன்னிருக்கையில் ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிறகு அந்த ஆளையும் எடுத்துவிட்டு, தூரத்தில் ஒரு அறையில் இருந்து திரையில் பார்க்கிறார்கள். சுக்கான் தன்பாட்டில் திரும்பும்.

கூட்டம் வைத்து எங்களுக்கு விளக்கினார்கள். இது யாருடைய வேலையையும் பறிக்காது, சாரதிமார் கிடைக்காததால்தான் கொண்டுவருகிறோம் என்றார்கள். அது உண்மை. இரண்டு வருடமாக ஆள் தேடுகிறார்கள், வருகிறவர்களும் நிற்பதில்லை. சோதனை சரிவந்தால் மேட்டுத் தடத்தின் அதிகாலை ஓட்டங்களை இந்தக் கார்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மை. அந்த அதிகாலை ஓட்டம் என்னுடையது. இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது.

எங்கள் வீட்டு மேல்மாடியில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் நகரப் போக்குவரத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். கையில் வெண்ணெய் இருக்கும்போது நெய்க்கு ஏன் அலைய வேண்டும் என்று நினைத்து அவளிடமே கேட்டேன்.

"பிள்ளை, உது நல்லதோ கூடாததோ? ஒரு சொல்லிலை சொல்லும் பாப்பம்."

"ஒரு வார்த்தைல சொல்ல முடியாது அங்கிள். சொந்தக் கார் வெச்சிருக்கிறவங்க அதை வித்துட்டு இதுல போனா ட்ராஃபிக் குறையும். ரோட்டோரத்துல இவ்ளோ பார்க்கிங் தேவையே இல்ல. ஆனா பஸ்ல போறவங்க பஸ்ஸை விட்டுட்டு இதுல போனா ட்ராஃபிக் ஜாஸ்தியாகும். ஆள் இல்லாம காலியாவே சுத்துற கார் வேற."

"எது நடக்கும்?"

"ரெண்டுமே நடக்கலாம் அங்கிள். அதான் ரிசர்ச்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கார்கள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டன. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். அதில் ஒன்று எங்களுடையது. அவள் ஓட்டாமல் விட்ட பிறகும் இடம் போய்விடுமே என்று அதை நான் எடுப்பதே குறைவு. நடுவில் ஒரு வாகனம்தான் போகலாம். எதிரே பஸ் வந்தால் இடைவெளியில் ஒதுங்கி வழி விட வேண்டும். வழி விட்டவருக்குக் கையை உயர்த்திக் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். மனிதர்கள் என்றால் முட்டுவது போல வந்து, பிறகு பின்னால் போய், வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டுதான் விடுவார்கள். இந்த வெள்ளைக் கார் மட்டும் பஸ்ஸைத் தூரத்தில் கண்டதுமே ஒதுங்கி நின்றுவிடும். பழக்கதோஷத்தில் கையை உயர்த்துவேன். முன்னிருக்கையில் ஒருவரும் இல்லை. பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் பார்த்திருப்பார்களோ என்று கையை இறக்கித் தலையைச் சொறிவேன்.

அந்தக் காரில் போவதென்று முடிவெடுத்தவள் மனைவிதான். என்னிடம் கேட்கவில்லை. மேல்மாடிப் பிள்ளையைப் பிடித்துத் தொலைபேசியில் பதிந்துவிட்டாள்.

"நாளைக்கு அஞ்சரைக்கு வருது," என்றாள். "இனி ஒருத்தரையும் கெஞ்சத் தேவையில்லை."

"நீர் அதுக்குள்ளை தனியப் போவீரோ?"

"தனிய எங்கை? கார் வரும்தானே."

அடுத்த நாள் எனக்குப் பின்னேர வேலை. அவளை வழியனுப்ப எழும்பி நின்றேன். எழும்பினவன் சும்மா நின்றிருக்கலாம். குளிர்பெட்டியைத் திறந்து, தமிழ்க் கடையில் வாங்கி வைத்த, மேல்மாடிப் பிள்ளை எலுமிச்சம்பழம் என்று சொல்கிற தேசிக்காயில் நாலு எடுத்து ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதிதாக ஒரு வாகனம் வந்தால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, அதை நசித்துக்கொண்டுதான் முதல் ஓட்டம் போகவேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து வாங்கிய நாலு கார்களையும், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயர் சந்தனம் பூச, தேங்காய் உடைத்து, தேசிக்காய் நசித்துத்தான் எடுத்தோம். நிறுவனம் எனக்கு முதன்முதலாகத் தந்த பஸ்ஸுக்கும் டிப்போவில் ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்து வைத்தேன். பன்னிரண்டு தொன் பஸ், தேசிக்காய் இருந்ததே தெரியாமல் ஏறிப் போனது. பத்தொன்பது வருடத்தில் என் கையால் ஒரு பூனைகூட அடிபடவில்லை.

ஐந்தரைக்குக் கார் வந்து, எங்கள் காருக்குப் பக்கத்தில், தெருவின் நடுவில் நின்றது. கதவு திறந்தது. மனைவி ஏறிப் பின்னிருக்கையில் அமர்ந்து இருக்கைப் பட்டியைப் போட்டாள். நான் குனிந்து முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தேன். பின்சில்லுக்குப் போவதற்குள் கதவு பூட்டிக்கொண்டது. கார் போகவில்லை.

காருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு பெண்குரல் கேட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்து பேசுகிறாள். வாகனத்துக்கு முன்னால் வைத்த பொருள் என்ன என்று ஜெர்மனில் கேட்டாள். தேசிக்காய் என்றேன். எதற்கு என்று கேட்டாள். நல்லபடியாகப் போகவேண்டும் என்பதற்காக என்றேன். இந்த மொழியில் முப்பது வருடம் பேசியிருக்கிறேன். அந்த ஒரு வசனம் அவ்வளவு கேவலமாக வந்து விழுந்ததில்லை. சரி, எடுத்துவிடுகிறேன் என்று குனிந்தேன். வாகனத்தைத் தொட வேண்டாம், விலகி நில்லுங்கள் என்று குரல் கடுமையானது. ஒரு ஆள் ஒளிந்து குனிந்து சில்லடியில் எதையோ வைக்கிறான், பிறகு திரும்பவும் கை வைக்கப் போகிறான்; அவள் திரையில் பார்த்தது அதைத்தான். தொழில்நுட்பவியலாளர் வந்து பார்க்கும்வரை வண்டி நகராது என்றாள். கதவை மட்டும் திறந்துவிட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் காரை எடுக்கலாம் என்றால், இந்த வெள்ளைக்காரர் அதை மறித்துக்கொண்டு நிற்கிறார். ஐந்தே முக்காலுக்கு எதிரே பஸ் வந்தது, என்னுடைய ஓட்டம்தான், அன்றைக்கு வேறொருவன் ஓட்டினான். பஸ்ஸும் காரும் மூக்கோடு மூக்கு. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ரயிலைத் தவறவிடப் போகிற கோபத்தில் இறங்கி நடந்தார்கள். சாரதி இறங்கி வந்து, சில்லடியைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இதை நசிக்கத் தெரியாதா இதற்கு?" என்று கேட்டான். தெரியாதாம் என்றேன்.

மனைவி கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். கூட ஓடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஐம்பது நிமிட நடை, பாதியில் நடைபாதை இல்லாத மேட்டுவீதி. ஆறரை கடந்துதான் போய்ச் சேர்ந்தாள்.

பின்னேரம் நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"உங்களுக்கு அந்தக் காரைப் பற்றிப் படிப்பிச்சவை எல்லோ?"

"ஓம், ஒருநாள்."

"என்ன சொன்னவை?"

என்ன சொன்னார்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம். பஸ் சாரதிமாருக்கு வைத்த வகுப்பு அது. இந்தக் கார் எதற்கும் நிற்கும், பந்துக்கு நிற்கும், காலிப் பெட்டிக்கு நிற்கும், ஆகவே பின்னால் போகும்போது கவனம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அதை அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப நிக்கும் எண்டு தெரிஞ்சுதான் வைச்சனீங்களோ?"

"இல்லை. அது… பழக்கத்திலை வைச்சது."

"எனக்காக வைச்சனீங்களோ, உங்கடை பஸ்ஸுக்காக வைச்சனீங்களோ?"

"தெரியேல்லை," என்றேன். என் வாயில் இருந்து வந்த பதிலைக் கேட்டு நானே பயந்துவிட்டேன். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

அவள் கேட்டதையே நானும் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். தேசிக்காயைக் குளிர்பெட்டியில் இருந்து எடுக்கும்போது என் மனதில் இருந்தது அவள்தான், சத்தியமாக. குனிந்து வைக்கும்போது அந்த வகுப்பில் பார்த்த காலிப் பெட்டியின் படம் ஒரு கணம் வந்து போனதா? வந்தது போலவும் இருக்கிறது, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது போலவும் இருக்கிறது. கார் போகாமல் நின்றபோது எனக்குப் பதறியது. அந்தப் பதற்றத்துக்கு முன்னால், கண் மூடித் திறக்கிற நேரத்துக்கு, ஒரு சந்தோசம் வந்தது. அது மட்டும் நிச்சயம்.

அன்று மாலையே அவளுடைய பதிவை முடக்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை காரை அழைக்க முடியாது. பொறுப்பாளர் இரண்டு கிழமை தவணை கொடுத்தார். அவள் நடந்தாள். நாலேமுக்காலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு, ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு, இடப்பக்கம் தெரியாததால் அடிக்கடி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அந்த மேட்டுவீதியில் நடந்தாள். அந்த நேரத்தில் நான் மறுபக்கத்தால் வெறும் பஸ்ஸை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு இருக்கைகள். கண்ணாடியில் அவற்றைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு படிவம் வந்தது. மேல்மாடிப் பிள்ளை கணினியில் திறந்து தந்தாள். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: வாகனத்தைத் தடுக்கும் நோக்கத்துடன் பொருளை வைத்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். தெரியாது என்று ஒரு கட்டமும் இல்லை.

"அங்கிள், கவனமா பாருங்க," என்றாள் பிள்ளை. "இல்லைன்னு போட்டா டெக்னிக்கல் என்கொயரிக்குப் போகும். ஆறு வாரம் ஆகலாமாம், அதுவரைக்கும் ஆன்ட்டி அக்கவுண்ட் லாக்தான். ஆமான்னு போட்டா உங்க பேர்ல கேஸை முடிச்சிட்டு ஆன்ட்டியை ரிலீஸ் பண்ணிடுவாங்க. ஆனா நீங்க அதே கம்பெனி டிரைவர். ட்ரெய்னிங் வேற போயிருக்கீங்க."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவளுடைய சப்பாத்து வாசலில் கிடந்தது, அடி முழுக்க ஈர இலையும் சேறும்.

ஆம் என்பதை அழுத்தினேன். பயணிக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று கீழே ஒரு வரி எழுதினேன். நான் எழுதியது உண்மையா, அவளுக்காகச் சொன்ன பொய்யா? அழுத்தின விரலுக்கே தெரியவில்லை.

மேலதிகாரி கூப்பிட்டார். ஏன் தடுத்தாய் என்று கேட்டார். உள்ளே என் மனைவி இருந்தாள் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"மனைவி பத்திரமாகப் போகவேண்டும் என்று மனைவி போகிற காரை நிறுத்தினீர்களா?"

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மனில் சொன்னேன். பாவம், அவருக்கும் மண்டை காய்ந்திருக்கும். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார். இன்னொரு தரம் ஏதாவது நடந்தால் வேலை போகும் என்று அதில் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் என் கோப்பில் ஏறிய முதல் கடிதம் அது. வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த கிழமை அவளுடைய பதிவு திறந்தது. அன்றைக்கு எனக்கு அதிகாலை வேலை. மேட்டில் இருந்து முதல் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் இறங்கினேன். அன்றைக்குப் பிந்தித்தான் வந்திருக்க வேண்டும், எதிரே அந்த வெள்ளைக் கார் ஏறி வந்தது. என்னைக் கண்டதும் வழக்கம் போல இடைவெளியில் ஒதுங்கி நின்றது. கையை உயர்த்தினேன். முன்னிருக்கை வெறுமை. பின்னிருக்கையில், மடியில் கைப்பையோடு, மனைவி. அவளும் கையை உயர்த்தினாள். இந்த முறை நான் தலையைச் சொறியவில்லை. பஸ் காரைக் கடக்கும்போது கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ச் சிரித்தேன். ஒரு முழம்தான் இடைவெளி. அவள் நேரே பார்த்தபடி இருந்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவளே தொடங்கினாள்.

"காலமை ஒரு பஸ் ட்ரைவர் எனக்குக் கை காட்டினவர். லைட் வெளிச்சத்திலை முகம் தெரியேல்லை. இடப்பக்கத்திலை வந்தாப்போலை எனக்கு ஒண்டும் தெரியாதுதானே. ஆளில்லாத காருக்கும் கை காட்டிறார். நல்ல மனுசன் போல."

சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். சொல்ல வாய் உன்னியது. கார் நின்றபோது வந்த அந்தச் சந்தோசம் ஞாபகம் வந்தது.

"தெரியேல்லை," என்றேன்.